ஒரே பாட்டு, வேறு வேறு சேவைகள்: வீட்டு ஆடியோவில் சமமாக வைத்துக் கேட்டுப் பார்த்த பதிவு

எந்த ஸ்ட்ரீமிங் சேவையில் ஒலி நன்றாக இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் வீட்டில் அப்படித்தான் கேட்கிறது. ஆனால் ஒரு சேவையைப் போனிலிருந்து ப்ளூடூத்தில் கேட்டிருப்பார்கள், இன்னொன்றை டிவி செயலியில் கேட்டிருப்பார்கள். ஒன்று கொஞ்சம் சத்தமாக ஓடியிருக்கும், இன்னொன்றில் அதே ஆல்பத்தின் ரீமாஸ்டர் (பின்னாளில் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிட்ட பதிப்பு) ஓடியிருக்கும். இத்தனையும் கலந்த பிறகு சேவையின் பங்கு எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? அந்தப் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க நான் செய்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

காகிதத்தில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூடியூப் மியூசிக் அதிகபட்சம் நொடிக்கு 256 கிலோபிட் தருகிறது. ஸ்பாட்டிஃபை நெடுங்காலம் 320 கிலோபிட் ஆக் வார்பிஸில் (ஒலியின் ஒரு பகுதியை விட்டுவிட்டுச் சுருக்கும் முறை) நின்றது. 2025 செப்டம்பரில் 24 பிட் (ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுணுக்கம்), 44.1 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை ஒலி அளக்கப்படுகிறது) வரையிலான லாஸ்லெஸ்ஸை, அதாவது எதையும் இழக்காத சுருக்கத்தை, கொண்டுவந்தது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து 256 கிலோபிட் ஏஏசியோடு (இதுவும் வார்பிஸ் போன்ற சுருக்கம்) ஏஎல்ஏசி என்ற லாஸ்லெஸ்ஸும் தருகிறது, 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை. டைடல், கோபஸ், அமேசான் மியூசிக் மூன்றும் ஃப்ளாக் என்ற லாஸ்லெஸ் முறையில் அதே உயரத்துக்குப் போகின்றன. டைடல் முன்பு வைத்திருந்த எம்க்யூஏ என்ற சுருக்க முறையை 2024-இல் கைவிட்டது. சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1411 கிலோபிட். ஃப்ளாக் அதை ஏறக்குறைய பாதியாகச் சுருக்கும், திறக்கும்போது ஒரு பிட் கூடக் குறையாது.

என்னிடம் இருந்த கருவிகள் இவை: ஒரு ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், உள்ளே வரும் சாம்பிள் ரேட்டை (மேலே சொன்ன கிலோஹெர்ட்ஸ் எண்) திரையில் காட்டும் யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் கோப்பை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி), லைன்-இன் உள்ள ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியில் ஒலியைப் பதிவுசெய்யவும் ஓடவிடவும் உதவும் பெட்டி), ஒரு மல்டிமீட்டர். கணினியில் ஒலியைப் பதிவுசெய்து பார்க்கும் ஆடாசிட்டியும், பாட்டு ஓடவிடும் ஃபூபார்2000-உம். இவற்றில் அதிகம் உதவியது டிஏசியின் அந்தச் சின்னத் திரைதான்.

பாட்டு எந்த வழியாக வருகிறது

44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை ஓடவிட்டேன். திரை 48 என்று காட்டியது. விண்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒரு மிக்சரில் சேர்த்து, செட்டிங்ஸில் போட்டிருக்கும் ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஒலிச் சாதனத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் அந்த எண்ணை 44.1-க்கு மாற்றினேன், மிக்சரைத் தாண்டி நேரே டிஏசிக்கு அனுப்பும் எக்ஸ்க்ளூசிவ் மோட் உள்ள செயலியில் அதையும் போட்டேன். மேக்கில் இதே எண்ணை ஆடியோ மிடி செட்டப்பில் பார்க்கலாம். ஐபோனில் யுஎஸ்பி டிஏசியைச் செருகினால் பாட்டுக்கு ஏற்றபடி தானாகவே மாறுகிறது. ஆண்ட்ராய்டில் மிக்சரைத் தாண்டிப் போகும் வசதி 14-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது, அதையும் செயலி கேட்டு வாங்க வேண்டும். இந்த மாற்றத்தால் ஒலி காதுக்குத் தெரியும் அளவு கெட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை, இன்றைய மென்பொருள்கள் அதை நன்றாகவே செய்கின்றன. ஒப்பிடப்போகும் இரண்டு ஒலிகளில் ஒன்று மட்டும் மாற்றப்பட்டு வந்தால் ஒப்பீடு நியாயமாக இருக்காது, அதற்காகத்தான் இவ்வளவு கவனம்.

ப்ளூடூத்தின் கதை வேறு. லாஸ்லெஸ் என்று எழுதிய பாட்டைப் போன் பெற்று, விரித்து, மறுபடி எஸ்பிசி, ஏஏசி போன்ற ப்ளூடூத் சுருக்க முறை ஒன்றில் சுருக்கித்தான் அனுப்புகிறது. எஸ்பிசி வழக்கமாக 328 கிலோபிட்டைத் தாண்டாது. எல்டேக் என்ற முறை 990 வரை போகும், சிக்னல் நலிந்தால் 660, 330 என்று இறங்கிவிடும். வார்பிஸ் பாட்டு என்றால் இரண்டு முறை சுருக்கப்பட்டு வருகிறது. இந்த வழியில் வைத்துக்கொண்டு இரண்டு லாஸ்லெஸ் சேவைகளை ஒப்பிடுபவர் உண்மையில் தன் ப்ளூடூத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டில் நிரந்தரமாக வைக்கப்போகும் ஏற்பாட்டுக்கு, ஸ்பீக்கரோ ஸ்ட்ரீமரோ வைஃபை வழியே நேரடியாகச் சேவையிடமிருந்து பாட்டை எடுக்கும் கனெக்ட் முறையே நல்லது. அதில் போன் வெறும் ரிமோட்.

செயலியின் உள்ளே தர அமைப்பு ஓர் இடத்தில் இருப்பதில்லை. வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, டவுன்லோடுக்கு ஒன்று. நான் பயன்படுத்திய ஒரு செயலியில் டவுன்லோடு மட்டும் நடுத்தரத்தில் நின்றது. டவுன்லோடு செய்து வைத்த பாட்டை வீட்டு வைஃபையில் கேட்டாலும் அந்தத் தரத்தில்தான் ஓடியது. ஆட்டோ என்று இருப்பதை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு உச்சத் தரத்தை நேரடியாகத் தேர்ந்தேன். ஈக்வலைசர், இரவு முறை, விர்ச்சுவல் சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்தேன். ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதில் டைரக்ட் என்ற முறையைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சத்தம் சமமாக இருக்க வேண்டும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு ஒலிகளில் ஒன்று அரை டெசிபல், முக்கால் டெசிபல் கூடுதலாக இருந்தால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது. "இதில் விவரம் அதிகம், பாஸ் கெட்டியாக இருக்கிறது, குரல் முன்னால் வருகிறது" என்றுதான் தோன்றும். சத்தம் குறையக் குறையக் காது கீழ்ச் சுருதிகளைக் குறைவாகக் கேட்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆக, சத்தமான பக்கத்துக்கு எப்போதும் கூடுதல் மதிப்பெண் விழும்.

சேவைகள் இதில் தாங்களே ஒரு சிக்கலைச் சேர்க்கின்றன. எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்கட்டும் என்று வால்யூம் நார்மலைசேஷன் வைத்திருக்கிறார்கள். அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் பிஎஸ்.1770. குறி வைக்கும் இடம்தான் வேறு: ஸ்பாட்டிஃபையில் இயல்பாக மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தைக் குறிக்கும் அளவு, ஒரு எண் ஒரு டெசிபல்), ஆப்பிளின் சவுண்ட் செக் மைனஸ் 16 பக்கம். இரண்டிலும் அது இயங்கிக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைவிட 2 டெசிபல் சத்தமாக இருக்கும். தரத்தைப் பற்றிய எத்தனையோ வாக்குவாதங்களுக்கு இந்த 2 டெசிபலே போதும். ஸ்பாட்டிஃபையில் லவுட் என்ற அமைப்பைத் தேர்ந்தால் உச்சிகளை அமுக்கும் லிமிட்டரும் சேர்ந்து வேலை செய்யும், அது ஒலியின் வடிவத்தையே தொடுகிறது. ஒப்பிடும்போது எல்லாச் செயலியிலும் நார்மலைசேஷனை அணைத்தேன், செயலிக்குள் இருக்கும் வால்யூமை உச்சத்தில் நிறுத்தினேன், கூட்டல் குறைத்தல் எல்லாம் ஆம்பின் குமிழில் மட்டும்.

ஒரே டிஏசியில் ஒரே மாஸ்டர் (வெளியீட்டுக்காக இறுதி செய்த ஒலிப் பிரதி) ஓடினால் இதற்குப் பிறகு சமப்படுத்த எதுவும் இருக்காது. வேறு கருவிகளை, உதாரணமாக டிஏசியையும் ப்ளூடூத் ரிசீவரையும், ஒப்பிடும்போதுதான் மல்டிமீட்டர் வேண்டும். ஆடாசிட்டியில் 100 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை உருவாக்கி இரண்டு வழியிலும் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளந்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் ஆயிரம் ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும்; 50 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் நம்பலாம். 1 வோல்டும் 1.12 வோல்டும் ஒரு டெசிபல் வித்தியாசம். 1 வோல்டுக்கு 1.01 வோல்ட் என்ற அளவுக்குள் கொண்டுவந்தால் பத்தில் ஒரு டெசிபலுக்குள் வந்துவிட்டீர்கள், அது போதும். சத்தத்தைக் குறைவாக வைத்து அளவெடுங்கள், அளவுக்கம்பிகளின் நுனி ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனைகள் ஷார்ட் ஆனால் ஆம்ப் போய்விடும்.

பெயர் ஒன்று, மாஸ்டர் வேறு

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு லாஸ்லெஸ் சேவைகளுக்கு நடுவே, ஒரு பழைய ஆல்பத்தில், மறுக்க முடியாத வித்தியாசம் கேட்டது. ஒன்றில் தாளக் கருவிகள் துள்ளின. மற்றொன்றில் எல்லாம் முன்னால் வந்து சுவர்போல நின்றது. இரண்டையும் லைன்-இன் வழியே பதிவுசெய்து ஆடாசிட்டியில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். ஒன்றின் அலைவடிவில் உச்சிகள் தனித்தனியாக எழுந்து நின்றன, மற்றொன்றில் உச்சிகள் வரிசையாகத் தட்டையாக வெட்டப்பட்டிருந்தன. எல்யூஎஃப்எஸ் கணக்கில் பல டெசிபல் இடைவெளி. ஒன்று முதல் வெளியீட்டிலிருந்து வந்தது, மற்றது பிற்கால ரீமாஸ்டர். ஆல்பத்தின் பெயர், அட்டைப்படம், பாட்டின் நீளம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

என் காதில் சேவைகளுக்கு இடையே கேட்ட மிகப் பெரிய வித்தியாசம் இதுதான், இதற்குப் பக்கத்தில் கூட வேறெதுவும் வரவில்லை. இதற்கும் சேவையின் தொழில்நுட்பத்துக்கும் தொடர்பே இல்லை. வெளியீட்டு நிறுவனம் எந்தப் பிரதியைக் கொடுத்ததோ அதை அவர்கள் ஓடவிடுகிறார்கள். ஒரே சேவையில் கூட ஒரே ஆல்பம் இரண்டு மூன்று பதிப்புகளாக இருக்கும். ஆல்பத்தின் அடியில் இருக்கும் வெளியீட்டு நிறுவனத்தின் பெயரையும் உரிமை ஆண்டையும் பாருங்கள், தேடலில் மற்ற பதிப்புகளையும் திறந்து கேளுங்கள். விருப்பமான ஆல்பத்துக்கு நல்ல பதிப்பைத் தேடி நூலகத்தில் சேர்த்து வைப்பது, சந்தாவை மாற்றுவதைவிடப் பலமடங்கு பலன் தரும் வேலை.

ஹை-ரெஸ் (சிடியைவிட உயர்ந்த தரம்) என்று போட்டிருந்த சில பாட்டுகளை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) பார்த்தேன். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு என்றால் 48 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது. ஆனால் சிலவற்றில் 22 கிலோஹெர்ட்ஸில் கோடு போட்டதுபோல் எல்லாம் நின்றுவிட்டது. 44.1-இல் இருந்த மூலத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததன் அடையாளம் அது. டேட்டா மட்டும் கூடுதலாகச் செலவாகும்.

பெயரை மறைத்துக் கேட்டல்

மாஸ்டர் ஒன்றேதான் என்று உறுதியான பாட்டுகளை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுத்தேன். முதலில் காதை விட்டுவிட்டுக் கணக்கு. இரண்டு பதிவுகளைச் சாம்பிள் கணக்கில் பொருத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால், இரண்டும் ஒன்றென்றால் மிச்சம் எதுவும் இருக்கக்கூடாது. இதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. ஓடவிடும் கருவியும் பதிவுசெய்யும் கருவியும் வேறு வேறாக இருந்தால் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகிப்போகும்; பாட்டின் தொடக்கத்தில் பொருந்தியது முடிவில் பொருந்தாது. அதனால் டிஏசியை விலக்கிவிட்டு, இன்டர்ஃபேஸின் வெளியீட்டையே அதன் உள்ளீட்டில் செருகிப் பதிவுசெய்தேன். கடிகாரம் ஒன்றாகிவிடுகிறது. லாஸ்லெஸ் தரும் இரண்டு சேவைகளின் பதிவுகளை இப்படிக் கழித்தபோது மிஞ்சியது இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சல்தான், சத்தத்தைக் கூட்டிக் கேட்டாலும் பாட்டின் சாயல் இல்லை. "இந்த லாஸ்லெஸ் கதகதப்பு, அந்த லாஸ்லெஸ் வறட்சி" என்ற பேச்சுக்கு, மாஸ்டர் ஒன்றாக இருக்கும்வரை, இடமில்லை.

லாஸ்லெஸ்ஸிலிருந்து 320 கிலோபிட்டைக் கழித்தால் ஏதோ ஒன்று மிஞ்சும். பாட்டின் ஆவிபோல் சலசலக்கும். அதைக் கேட்டு இவ்வளவையும் இழக்கிறோமே என்று பதற வேண்டாம். பக்கத்தில் ஒலிக்கும் பெரிய ஒலியால் மறைக்கப்படும் பகுதிகளைத்தான் இந்தச் சுருக்க முறைகள் தேடி எடுத்து வீசுகின்றன. தனியே கேட்டால் கேட்கும், பாட்டோடு சேர்ந்தால் கேட்காது என்பதே அவற்றின் அடிப்படை.

காதுச் சோதனைக்கு அண்ணன் மகளை உதவிக்கு அழைத்தேன். நாற்காலி இருக்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தோம். 3400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர்தான். தலை ஒரு சாண் நகர்ந்தாலே மேல் சுருதிகளின் அளவு மாறிவிடும், அதைச் சேவையின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. அவள் கணினியோடு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, காசு சுண்டி, விழுந்ததற்கு ஏற்ப ஒன்றை ஓடவிடுவாள். "சித்தப்பா, எழுதிட்டேன், அடுத்தது போடவா?" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது என்று முன்பே பேசிக்கொண்டோம். குரலில், மவுஸ் சொடுக்கும் வேகத்தில் கூட விடை கசிந்துவிடும். அவள் இல்லாத நாட்களில் பதிவுகளை ஃபூபார்2000-இன் ஏபிஎக்ஸ் கருவியில் போட்டு நானே செய்தேன். அங்கே மென்பொருளே மறைத்து வைத்துக் கேட்கும்.

மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 16 முறை கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் வருவதற்கான தற்செயல் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே, ஆகவே 12 வந்தால் உண்மையாகவே ஏதோ கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை என்பதைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். நல்ல எண் வந்த இடத்தில் நிறுத்துவது கணக்கைக் கெடுக்கும்.

லாஸ்லெஸ்ஸுக்கும் 320 கிலோபிட் வார்பிஸுக்கும் இடையே, ஸ்பீக்கரில், என் மதிப்பெண் காசு சுண்டிய அளவிலேயே நின்றது. 256 ஏஏசியிலும் அப்படியே. அண்ணன் மகளின் காது என்னுடையதைவிட இளையது, அவளுக்கும் பிரிக்க முடியவில்லை. ஹை-ரெஸ்ஸுக்கும் சிடி தரத்துக்கும் இடையிலும் அதுவேதான். 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனையில், எஸ்ஏசிடி என்ற உயர்தரத் தட்டையும் அதே ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை கேட்கவைத்தார்கள், சரியாகச் சொன்னது பாதிக்குப் பாதி. 2016-இல் ராய்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சரியாகச் சொன்னது 52 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு மெல்லியது.

சேவையை விட்டுவிட்டுச் சுருக்கத்தை மட்டும் சோதிக்க என் சொந்த சிடி ஒன்றைக் கணினியில் ஏற்றி, 96, 160, 320 என்று நானே வார்பிஸாக்கிக் கேட்டேன். 96-இல் யாருக்கும் சந்தேகம் வராது. கைத்தாளத்தின் ரீங்காரம் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் குழைகிறது, தம்புராவின் சுருதி நிலையாக நிற்காமல் சுழல்கிறது, அரங்கத்தின் கைதட்டல் மணலாக உதிர்கிறது. கூர்மையான அடிகளுக்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய சீறல் எழும். ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துச் சுருக்கும்போது, வார்பிஸின் நீண்ட துண்டு 2048 சாம்பிள், அதாவது 46 மில்லி நொடி அளவு. அந்தத் துண்டுக்குள் பிழை பரவும்போது அடி விழுவதற்கு முன்பகுதிக்கும் போய்விடுகிறது. 160-இல் கைதட்டலும் கைத்தாளமும் மட்டும் காட்டிக்கொடுத்தன, குரலிலும் வீணையிலும் பிடிபடவில்லை. எந்த இசையை வைத்துச் சோதிக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரிந்தது. குரல் மட்டும் உள்ள பாட்டை வைத்துச் சுருக்கத்தைச் சோதித்தால் எதுவும் அகப்படாது. சலங்கை, கைத்தாளம், கைதட்டல் மூன்றும் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்ஃபோனில் 160-ஐ எளிதாகவே பிடித்தேன். ஸ்பீக்கரில் அறையின் எதிரொலி இந்தச் சில்லறைக் குறைகளை மூடிவிடுகிறது. அமைதியான வீட்டு அறையில் கூட 30 டெசிபல் அளவுக்குப் பின்னணி இரைச்சல் இருக்கும். 16 பிட்டின் 96 டெசிபல் வீச்சையே முழுதாகப் பயன்படுத்த நம் அறைகளுக்கு வசதி இல்லை.

அதே டேப் அடையாளத்தில் உட்கார்ந்து, சோதனைகள் முடிந்த பிறகு, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு சாண் முன்னால் இழுத்தேன். பாஸின் பூரிப்பு இறங்கி, அதுவரை மங்கியிருந்த மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வடிவாகக் கேட்டது. 4 மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் முதல் அறை அதிர்வு வரும். சுவரை ஒட்டி வைத்த ஸ்பீக்கர் அதை நன்றாகவே தூண்டிவிடும். இந்த மாற்றத்துக்கு ஏபிஎக்ஸ் தேவைப்படவில்லை, பக்கத்து அறையில் இருந்தவர்களே என்ன செய்தாய் என்று கேட்டார்கள்.

இப்போது என் வீட்டில் ஸ்ட்ரீமர் லேன் கேபிளில், கனெக்ட் முறையில் ஓடுகிறது. தரம் லாஸ்லெஸ், வீட்டு இணையத்தில் அதற்குக் கூடுதல் பாரம் எதுவும் தெரியவில்லை. மொபைல் டேட்டாவில் மட்டும் 320-க்கு இறக்கி வைத்திருக்கிறேன், மணிக்கு 144 எம்பி போதும். நார்மலைசேஷனை மறுபடி இயக்கிவிட்டேன், ஆல்பமாகக் கேட்கும்போது பாட்டுகளின் இடையே உள்ள ஏற்ற இறக்கத்தைக் கலைக்காத ஆல்பம் முறையில். மாஸ்டர் வேறுபாடு இருந்த ஆல்பங்களுக்கு ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வருகிறேன்: எந்தச் சேவை, எந்த உரிமை ஆண்டு, எத்தனை எல்யூஎஃப்எஸ். அடுத்து டிவி செயலியை ஹெச்டிஎம்ஐ ஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் இணைப்பு) வழியே இதே முறையில் அளந்து பார்க்க வேண்டும்.